நாலாம் நம்பர் மருந்து

எலி எதுவும் செத்துக் கிடக்கவில்லை அண்ணா. குனிந்து தேட வேண்டாம். அந்த வாடை என் கேனிலிருந்துதான் வருகிறது. காலடியில், மஞ்சள் மூடி போட்டது. மூடியைச் சரியாகத்தான் திருகினேன், மூன்று முறை பார்த்தேன். ஆனாலும் வரும். உள்ளே இருப்பது உயிருள்ள பொருள், பாக்டீரியா. தேயிலைக்கு அடிக்கிற மருந்து. புளித்த மாவைச் சாக்கடையில் கரைத்த மாதிரி இருக்கும், ஆனால் மனிதர்களை ஒன்றும் செய்யாது. சும்மா சொல்லவில்லை, அதற்குக் காகிதம் இருக்கிறது.

மடியில் இருப்பதா? இது வேறு. இதில் வாடை வராது. திறந்து காட்டட்டுமா? வேண்டாமா? சரி.

கண்டக்டரும் மேட்டுப்பாளையத்திலேயே கேட்டார். "என்னம்மா ரெண்டு கேனு? பெட்ரோலுன்னா ஏத்த மாட்டேன், இப்பவே சொல்லிரு." மருந்து என்றேன். "ரெண்டுமா?" என்றார். ஆமாம் என்றேன். அதை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அப்போதிருந்து மனது சரியில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்து யாரிடமாவது திருத்திச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

நான் ஈட்டிமட்டம் போகிறேன். குஞ்சப்பனை தாண்டி, அரவேனுவுக்கு முன்னால் ஒரு நிறுத்தம். இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். நீங்கள் கோத்தகிரி வரைக்குமா? அப்படியானால் நான் சொல்லி முடித்துவிடுவேன்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். வேளாண்மை படிக்கச் சேர்ந்தபோது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எனக்கு ரேகைதான். உனக்குக் கையெழுத்து வரும். வர்ற கையால பொய்யில கையெழுத்துப் போட்றாத, இந்து." அதனால் எனக்கு ஒரு பழக்கம். எதையும் இரண்டு தடவை எண்ணுவேன். இரண்டும் ஒத்து வரவில்லை என்றால் மூன்றாவது தடவையும் எண்ணுவேன். என் நோட்டில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றி எழுதியது கிடையாது. இதை நீங்கள் முதலில் நம்ப வேண்டும். இல்லையென்றால் மற்றதைச் சொல்வதில் பயனில்லை.

போன வருஷம் படிப்பு முடித்ததும் ஒரு மருந்துக் கம்பெனியில் தற்காலிக வேலை கிடைத்தது. தேயிலைக்கு வருகிற கொப்புள நோய்க்குக் கம்பெனி புதிதாக ஒரு உயிர் மருந்து செய்திருந்தது. அதைச் சிறு விவசாயிகளின் தோட்டத்தில் அடித்துப் பார்த்து, எவ்வளவு கட்டுப்படுகிறது என்று கணக்கெடுத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் என் வேலை.

கொப்புள நோய் தெரியுமா? இளம் இலையை மட்டும் பிடிக்கிற பூஞ்சாணம். முதலில் எண்ணெய்ச் சொட்டு பட்டது போல ஒரு பொட்டு. இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்த இடம் மட்டும் ஒளி விடும். பிறகு மேலே குழியும், கீழே வீங்கும். அடியில் வெள்ளையாக மாவு பூக்கும். அந்த மாவு காற்றில் அடுத்த செடிக்குப் போகும். இலை கருகி ஓட்டையாகும். நல்ல வெயில் அடித்தால் நோய் நின்றுவிடும். பனிமூட்டம் இறங்கி நாள்கணக்கில் இலை ஈரமாகவே இருந்தால் நிற்காது. உங்கள் ஜன்னல் கண்ணாடியில் நீர்ப்பொட்டு இருக்கிறதே, தொடக்கத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் இருக்கத்தான் இந்தப் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஈட்டிமட்டத்தில் ஒரே சரிவில் நாலு பேருடைய தோட்டம். நாலு கேன். ஒன்றாம் நம்பரில் வழக்கமான ரசாயன மருந்து, காப்பர் கலந்தது, நீலப் பச்சையாக இருக்கும். இரண்டில் எங்கள் உயிர் மருந்து. மூன்றில் ஒரு தடவை அது, ஒரு தடவை இது. நாலில் தண்ணீர்.

ஆமாம் அண்ணா, தண்ணீர். வெறும் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் அல்லவா? மருந்தே படாத செடியில் நோய் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் மருந்து எவ்வளவு தடுத்தது என்று சொல்ல முடியும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். உலகம் முழுவதும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு தோட்டத்தையும் நாலு கீற்றாகப் பிரித்திருந்தால் பாதகம் பங்காகியிருக்கும். நான் கேட்டேன். என் மேலாளர் சேவியர் சார், "துண்டு துண்டு நிலத்துல மருந்து காத்துல பறந்து ஒண்ணுக்கொண்ணு கலந்துரும். ஆளுக்கொரு கேன் குடும்மா" என்றார். எந்தக் கேனில் என்ன என்று தோட்டக்காரர்களுக்குச் சொல்லக் கூடாது. "தெரிஞ்சா அவங்க நடந்துக்குற விதம் மாறிப்போகும். அப்புறம் எண்ணுக்கு என்ன மதிப்பு?" அதுவும் சரிதான். பாடத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

யாருக்கு எந்தக் கேன் என்று நான் முடிவு செய்யவில்லை. சீட்டு எழுதி ஒரு டம்ளரில் போட்டேன். அவர்களே எடுத்தார்கள். பூவாயி அக்கா கடைசியாக எடுத்தார். கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பது போல, செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். நாலு.

"நாலு பேருக்கு நல்லது செய்யற நம்பரு" என்று சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டார்.

எனக்கு அப்போது என்னவோ போல இருந்தது. ஆனால் நாலாம் சீட்டை விட்டுவிட்டு டம்ளரில் மூன்று மட்டும் போட்டிருக்க முடியாதே.

அவரிடம் படிவமும் வாசித்துக் காட்டினேன். கடமை அது. "சில பகுதிகளில் ஒப்பீட்டின் பொருட்டு மருந்தற்ற தெளிப்பு மேற்கொள்ளப்படலாம்." அப்படியே, ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு அழகா படிக்கிற, புள்ள! உங்கப்பன் கேட்டிருக்கானா?" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். விளங்கியதா என்று நான் கேட்கவில்லை. படிவத்தில் அப்படிக் கேட்கச் சொல்லி இல்லை.

பூவாயி அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. எழுபது சென்ட் தேயிலை, அதன் ஓரத்திலேயே இரண்டு அறை வீடு. அதற்கு முன்னால் முப்பது வருஷம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். அங்கே காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும், சூப்பர்வைசர் பேர் சொல்லிக் கூப்பிடுவார், "வந்தேன்" என்று சொல்ல வேண்டும். ஒரு விநாடி தாமதமானால் அன்றைக்கு வேலை இல்லை. "முப்பது வருசம் வந்தேன் வந்தேன்னு சொல்லிச் சொல்லி, எங்கேயும் போகாமலே கெடந்தேன்" என்பார் பூவாயி அக்கா. கணவர் போன பிறகு, அவர் வாங்கிப் போட்டிருந்த இந்தத் துண்டு நிலத்துக்கு வந்து, எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்துவிட்டார். "இங்க என்னை யாரு கூப்பிடுவா? கோழிதான் கூப்பிடும். அதுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்ல."

அந்த வருஷம் ஆடியில் செடிக்குக் கவாத்து செய்திருந்தார். கவாத்து என்றால் செடியை முட்டி உயரத்துக்கு வெட்டிவிடுவது. புதிதாகத் துளிர்த்து வரும். அப்படித் துளிர்க்கிற செடியில் எல்லாமே இளம் இலை. கொப்புள நோய்க்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. இது எனக்குத் தெரியும். முதல் நாளே நோட்டில் எழுதியிருக்கிறேன். "நான்காம் தோட்டம்: கவாத்துக்குப் பின் துளிர்ப்பு." எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன்.

அக்டோபர் ஆறாம் தேதி முதல் தெளிப்பு. பத்து நாளைக்கு ஒரு தடவை. நாலு கேனையும் நான்தான் கொண்டு போவேன். மூன்று கேன்கள் கம்பெனியிலிருந்து வரும். நாலாவதை, அப்போது அரவேனுவில் நான் தங்கியிருந்த வாடகை அறைக் குழாயில் நானே பிடிப்பேன். பிடித்துத் துடைத்து, நம்பர் ஒட்டி, வெள்ளை மூடி போடுவேன். காலிக் கேனில் தண்ணீர் விழும்போது முதலில் பெரிய சத்தமாக இருக்கும், நிறைய நிறையச் சத்தம் மெல்லிசாகும். இப்போது எங்கள் வீட்டில் அம்மா குடம் வைத்துத் தண்ணீர் பிடித்தால் நான் வெளியே போய்விடுகிறேன்.

மருந்தை நேரே அடிப்பதில்லை. பத்து லிட்டர் டேங்க்குக்கு ஒரு மூடி மருந்து, மீதி தண்ணீர். பூவாயி அக்கா அந்த மூடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் அளந்து ஊற்றுவார். ஒரு சொட்டு கூடிவிட்டால் கேனில் திருப்பி ஊற்றி மறுபடி அளப்பார். தண்ணீருக்குள் ஒரு மூடித் தண்ணீர். நான் பக்கத்தில் நின்று நேரம் குறிப்பேன்.

பக்கத்துத் தோட்டம் போஜன் அண்ணனுடையது. அவருக்கு ஒன்றாம் நம்பர். தெளித்து முடித்தால் கையெல்லாம் நீலப் பச்சையாக இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வம்பு இழுப்பார். "பூவாயி, உன் மருந்துல கலரும் இல்ல, வாடையும் இல்ல. பொண்ணு உன்னை ஏமாத்திட்டுப் போகுது!"

"உன் கையைப் பாரு, மயில் மிதிச்ச மாதிரி! இது உசந்த மருந்துய்யா. உசந்தது சத்தம் போடாது."

இருவரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அது பொய் ஆகுமா அண்ணா? சிரிப்பது?

அக்டோபர் இருபத்தாறாம் தேதி கணக்கெடுத்தேன். ஒவ்வொரு தோட்டத்திலும் நூறு கொழுந்து எடுத்து, எத்தனையில் கொப்புளம் என்று எண்ண வேண்டும். ஒன்றாம் தோட்டம் எட்டு. இரண்டு பதினொன்று. மூன்று ஒன்பது. நாலு, ஏழு. இரண்டு தடவை எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். ஏழுதான். தண்ணீர் அடித்த தோட்டத்தில்தான் நோய் எல்லாவற்றையும்விடக் குறைவு.

சேவியர் சாருக்குப் போன் செய்தேன். "கன்ட்ரோல்ல நோயே இல்லைன்னா அது என்ன ட்ரையல்? இதைக் கொண்டுபோய்க் குடுத்தா, பச்சைத்தண்ணி அடிங்கன்னு சிரிப்பாங்க. அங்க என்னமோ நடக்குது. போய்ப் பாரு."

இருபத்தெட்டாம் தேதி காலை, முதல் பஸ்ஸிலேயே, சொல்லாமல் போனேன். பூவாயி அக்கா செடிகளுக்கு நடுவே, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தார். ஒவ்வொரு துளிராகத் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்து, பொட்டு இருக்கிற இலையை மட்டும் கிள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தில் குழி வெட்டி, முந்தின நாள் கிள்ளியதையெல்லாம் புதைத்திருந்தார். நிழல் மரங்களில் ஏறிக் கிளைகளைக் கழித்து, வெயில் விழ வழி செய்திருந்தார். ஐம்பத்திரண்டு வயதில். தினமும் விடிந்ததும் இரண்டு மணி நேரம் இதுதான் வேலையாம்.

"ஏன்க்கா?" என்றேன்.

"நீ கொடுத்த மருந்து தோக்கக் கூடாதுல்ல? போஜன் கேலி பண்றான். என் நம்பருதான் ஜெயிக்கணும். நீ உங்க ஆபீசுல தலை நிமிந்து சொல்லணும், பூவாயி தோட்டத்துல நோய் இல்லைன்னு."

அவர் செய்தது நல்ல வைத்தியம் அண்ணா. பாடப் புத்தகத்தில் இருக்கிற வைத்தியம். நோய்ப்பட்ட இலையை அகற்று, நிழலைக் குறை. மருந்தே இல்லாத காலத்தில் அப்படித்தான் சமாளித்திருப்பார்கள். எழுபது சென்ட்தான், அவர் கைக்கு அது அடங்கும். விட்டிருந்தால் அந்தப் பருவத்தைக் கடந்திருப்பார்.

நான் சொன்னேன், "அக்கா, இனிமேல் இலையைக் கிள்ளாதீங்க. மரத்தையும் கழிக்காதீங்க. மருந்து அது வேலையைச் செய்யட்டும்."

அவ்வளவுதான் சொன்னேன். கன்ட்ரோல் என்றால் கை படாமல் இருக்க வேண்டும். மற்ற மூன்று தோட்டத்தில் யாரும் கிள்ளவில்லை, இதில் மட்டும் கிள்ளினால் எண் பொய்யாகும். நான் உண்மையான எண்ணுக்காகத்தான்...

எந்த மருந்தா?

ம்.

இல்லை, நீங்கள் கேட்டது சரிதான். எந்த மருந்து அதன் வேலையைச் செய்யும் என்று சொன்னேன்? இத்தனை நாளாக இதை எத்தனையோ தடவை எனக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் "இலையைக் கிள்ளாதீங்க" என்பது மட்டும்தான் காதில் விழும். அதற்கு அடுத்த வாக்கியத்தை எப்படியோ தாண்டிப் போய்விடுவேன். நீங்கள் கேட்டதும்தான் அங்கே இடறுகிறது.

கொஞ்சம் இருங்கள். கொண்டை ஊசி வளைவு, கீழே கேன் உருளப் பார்க்கிறது. காலால் பிடித்துக்கொண்டீர்களா? ரொம்ப நன்றி அண்ணா.

அன்றைக்கு அவர் சாக்கைக் கீழே வைத்துவிட்டார். "சரி புள்ள, படிச்சவ நீ சொல்ற. நான் பாட்டுக்கு மருந்துக்குக் குறுக்க நின்னுட்டேன்" என்றார்.

நவம்பர் முதல் வாரம் பனி இறங்கியது. பத்தொன்பது நாள் சூரியனே இல்லை. நாலாம் தோட்டத்தில் ஐந்தாம் தேதி நூற்றுக்குப் பத்தொன்பது கொழுந்தில் கொப்புளம். பதினைந்தாம் தேதி முப்பத்தெட்டு. இருபத்தைந்தாம் தேதி ஐம்பத்திரண்டு. மற்ற தோட்டங்களில் பதினைந்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு தடவையும் பூவாயி அக்கா மூடியால் அளந்து ஊற்றி, டேங்க்கை முதுகில் மாட்டி, பனிக்குள் நடந்து போவார். கொஞ்ச தூரத்தில் ஆள் மறைந்துவிடும். பம்ப் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். டக், டக், டக். வெள்ளைக்குள் வெள்ளைத் தண்ணீர்.

டிசம்பர் ஐந்தாம் தேதி கடைசிக் கணக்கு. எழுபத்தொன்று. இலையைத் திருப்பினால் எல்லாம் வெள்ளை. தண்டிலும் பிடித்து, துளிர் முறிந்து, செடி குச்சி குச்சியாக நின்றது. இலை எடுக்கிற வேன்காரர் இரண்டு தடவை சாக்கைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இந்த இலையைக் கொண்டுபோனா ஃபேக்டரியில என்னையே ஆவியில வெச்சு வாட்டிருவாங்க அக்கா." மூன்றாவது தடவை வேன் அந்த இடத்தில் நிற்கவே இல்லை.

நான் நோட்டை மூடிவிட்டுக் கிளம்பும்போது பூவாயி அக்கா என் கையைப் பிடித்தார். அப்போதும் மூடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"புள்ள, உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். திட்டக் கூடாது."

"என்னக்கா?"

"கார்த்திகை அன்னைக்கு விளக்கு வெக்க வந்தேன். செடியைப் பாத்தா அம்மை போட்ட பிள்ளை மாதிரி நிக்குது. மனசு கேக்கல. உன் பேச்சை மீறி ஓரத்து வரிசையில கொஞ்சம் இலை கிள்ளிட்டேன். அதுலதான் மருந்து கோவிச்சுக்கிச்சு. நீ நல்லாத்தான் குடுத்த. நான்தான் கெடுத்தேன்."

அண்ணா, நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா?

நோட்டைத் திறந்தேன். "எத்தனை இலைக்கா? தோராயமாகச் சொன்னால் போதும்" என்றேன். அவர் யோசித்து, விரல் மடக்கி, "இருபது இருக்கும்" என்றார். எழுதிக்கொண்டேன். தேதி, வரிசை, இலை இருபது. விவசாயி விதிமீறல். ஏனென்றால் எதையும் மறைக்கக் கூடாது. அறிக்கையில் அடிக்குறிப்பாக அது வந்திருக்கிறது, நீங்கள் பார்க்கலாம். எல்லாவற்றையும் உள்ளபடி எழுதியிருக்கிறேன்.

அறிக்கை நன்றாக வந்தது. ஒவ்வொரு தோட்டத்து நோய்க்கும் ஒன்றாக, நாலு கம்பம் போட்டு ஒரு படம். மூன்று கம்பம் குட்டை. நாலாவது மட்டும் நெட்டுக்குத்தாக நிற்கும். அது எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு எங்கள் மருந்து நல்ல மருந்து. சேவியர் சார் அந்தக் கம்பத்தை விரலால் தட்டி, "இது பேசுதும்மா" என்றார். வேலையை நிரந்தரமாக்கினார்கள். அப்பா அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, மண்டியில் எல்லோரிடமும் காட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "என் மக போட்ட கோடு" என்று நாலாவது கம்பத்தைத்தான் தொட்டுக் காட்டுவாராம். பெரியதாக இருக்கிறதல்லவா?

மே மாதம் வேறு வேலையாக ஒரு எஸ்டேட்டுக்குப் போனேன். காலை ஏழு மணி. பெரட்டு நடந்துகொண்டிருந்தது. நான் ஆபீஸ் வாசலில் நின்றேன். சூப்பர்வைசர் சின்னப் பையன், என் வயதுதான் இருக்கும்.

"பூவாயி!"

"வந்தேன்."

வரிசையில் எட்டாவது. என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்து, பக்கத்தில் நின்றவர்களிடம், "இதாண்டி எங்க மருந்துப் பொண்ணு" என்றார். வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி லைன் வீட்டுக்கே வந்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ச் செடியைப் பார்த்துவிட்டு வருவாராம். "கோழியைப் போஜன்கிட்ட விட்டுட்டேன். அது இப்ப என்னைக் கூப்பிடறதில்ல" என்று சிரித்தார். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வரிசை நகர்ந்துவிட்டது. அப்படி நினைத்துக்கொண்டேன், வரிசை நகர்ந்துவிட்டது என்று.

அம்மா சொல்கிறாள், நான் தூக்கத்தில் பேசுகிறேனாம். ஒரே ஒரு வார்த்தைதானாம். "வந்தேன்." யார் கூப்பிட்டார்கள் என்று கேட்கிறாள்.

போன வாரம் போஜன் அண்ணன் போனிலிருந்து பேசினார். பூவாயி அக்காதான்.

"புள்ள, செடி துளிர்த்திருச்சு! குச்சின்னு நெனச்சதெல்லாம் பச்சை விட்டிருக்கு. மழையும் வருது. நாலாம் நம்பர் கொண்டா. இந்தத் தடவை பாரு, ஒரு இலை தொட மாட்டேன். மாரியாத்தா மேல சத்தியம். போஜன் தன் மருந்தைத் தர்றேங்கறான், வேண்டாம்னுட்டேன். இந்த வருசம் வெளஞ்சுட்டா லைனை விட்டு வந்துருவேன். அப்புறம், லைன்ல இன்னும் மூணு பொம்பளைங்களுக்குத் துண்டு நெலம் இருக்கு. அவங்களுக்கும் சொல்லி வெச்சிருக்கேன். கை வெக்காதீங்கடி, மருந்து பாத்துக்கும்னு. அவங்களுக்கும் சேத்துக் கொண்டா."

புரிகிறதா அண்ணா? நான் எதுவும் கொடுக்காவிட்டாலும், என் வாக்கியம் அங்கே போய் மூன்று தோட்டத்தில் உட்கார்ந்துவிட்டது.

அதனால்தான் இந்த மஞ்சள் மூடி. இது நிஜ மருந்து. கம்பெனியில் கேட்டுக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இதை அடித்தால் செடி பிழைக்கும். ஆனால் திறந்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். நாலாம் நம்பரில் வாடையே கிடையாதே. "இது என்ன புள்ள, பீநாத்தம் அடிக்குது? என் மருந்து எங்க?" என்பார். அப்போது நான் சொல்ல வேண்டும். புதிதாக வாசனை சேர்த்திருக்கிறோம் என்று சொல்லலாம். ஒரு வாக்கியம்தான். செடியும் பிழைக்கும், அவர் மனதும் நோகாது. அந்த வாக்கியத்தையும் தயார் செய்து வைத்திருக்கிறேன், மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அப்படிச் சொன்னால், போன வருஷம் கெட்டது அவர் கிள்ளிய இருபது இலையால்தான் என்று சாகும்வரை நம்புவார்.

மடியில் இருப்பது நாலாம் நம்பர். காலையில் வீட்டுக் குழாயில் பிடித்தேன். எதற்குப் பிடித்தேன் என்று கேட்காதீர்கள். கை தானாகப் பிடித்தது. பிறகு ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அவர் முன்னால் மூடியைத் திறந்து, அப்படியே குடித்துக் காட்டிவிடலாம் என்று. வாயால் சொல்ல முடியாததைக் கேன் சொல்லிவிடும் அல்லவா?

ஆனால் நேற்று அப்பாவிடம் அதைச் செய்து பார்த்துவிட்டேன் அண்ணா. அவரிடம் முதலில் சொல்லலாம் என்றுதான் நம்பர் நாலு ஒட்டிய கேனைத் திறந்து அவர் முன்னால் மடக் மடக்கென்று குடித்தேன். அவர் பதறி எழுந்தார். பிறகு நான் நன்றாக நிற்பதைப் பார்த்து, கண் கலங்கிவிட்டார். "குடிக்கிற அளவுக்குச் சுத்தமா ஒரு மருந்து கண்டுபிடிச்சிருக்கியா, இந்து!" பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடப் போய்விட்டார். நான் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

பூவாயி அக்காவும் அப்படித்தான் நினைப்பார். அவர் அந்தக் கேனை நம்பவில்லை, என்னை நம்புகிறார். நான் என்ன குடித்தாலும் அது மருந்துதான்.

கண்டக்டர் அரவேனு என்றா கத்துகிறார்? இல்லை, ஈட்டிமட்டம். ஐயோ, வந்துவிட்டது. அந்தப் பனிக்குள் பாருங்கள், நிழற்குடைக்கு வெளியே நிற்பவர்தான் பூவாயி அக்கா. மஞ்சள் முக்காடு. இன்றைக்குப் பெரட்டில் பேர் கொடுக்காமல் வந்திருக்கிறார் போல. பின்னால் மூன்று பேர், ஆளுக்கொரு காலிக் கேனோடு. கழுவி, கவிழ்த்துப் பிடித்திருக்கிறார்கள்.

அந்த மஞ்சள் மூடியை எடுத்துக் கொடுங்கள் அண்ணா. கை நாறும், மன்னியுங்கள். இதையா? இந்தத் தண்ணீர்க் கேனை உங்களிடமே விட்டுப் போகிறேன். இல்லையென்றால் என் கை அதைத்தான் முதலில் நீட்டும். இறங்கும் இடத்தில் ஏதாவது செடிக்கு ஊற்றிவிடுங்கள். கண்டக்டர் கேட்டால் ரெண்டில் ஒன்றுதான் மருந்து என்று சொல்லுங்கள். மற்றது தண்ணீர்.

இறங்குகிறேன், இறங்குகிறேன் சார், விசில் அடிக்காதீர்கள்.

"இந்து! வந்துட்டியா புள்ள! எங்க குடு, கனமா இருக்கும். அட, என்ன இது, இப்படி நாறுது? நாலாம் நம்பர் எங்க?"

"அக்கா, கேனைக் கீழ வைங்க. அந்த இருபது இலை எதையும் கெடுக்கலக்கா. போன வருசம் நீங்க அடிச்சதெல்லாம் எங்க ரூம் குழாய்த் தண்ணி."